கைதட்டல்

"ரூமுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதடா, நாலு பேரோட பழகு" என்று வாரம் தவறாமல் போனில் நச்சரித்த வளர்மதிக்கு, கல்லூரி விழா நாடகத்தில் மகன் நிகரனைப் பார்த்ததும் மனம் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. வசனத்தின் நடுவில் நிகரன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டான். பதறியடித்து மேடையேறி அவன் கையைப் பிடித்தாள். பிளாஸ்டிக்.

அவள் போன் ஒலித்தது.

"பயந்துட்டியாம்மா? அது என் ரோபோ. நான் ரூம்லதான் இருக்கேன். கூட்டம்னா எனக்குக் கூச்சம். யார்கிட்டயும் சொல்லிடாத, தெரிஞ்சா எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க."

வளர்மதி திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அரங்கு நிறைய மாணவர்கள், கைதட்ட விரித்த கைகள் விரித்தபடியே, அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.