திட்டாத குரல்

வெயில் ஏறிவிட்டது. கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து சவேரியார் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருக்கிறார். அந்த நிழலின் மறுகோடியில் அவர் மகள் லிண்டா, காலேஜில் இரண்டாம் வருஷம், போனிடம் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கிறாள். போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் விளக்குகிறது. புரியவில்லை என்கிறாள், அது முதலிலிருந்து, அதே நிதானத்தோடு மறுபடியும் ஆரம்பிக்கிறது. முகம் தெரியாமல் வரும் பேச்சு எதையும் சவேரியார் நம்பியவரில்லை.

"யாரு புள்ள அது? காசு வாங்காம எவ இம்புட்டு நேரம் சொல்லிக்குடுப்பா?"

"ஆளில்லப்பா, ஏஐ. மெஷினு."

"ஏன், வாத்தியாரு செத்தா போயிட்டாரு? அவருட்ட கேக்க வேண்டியதுதான."

"கேட்டா, இதுகூடத் தெரியாமயா இங்கன வந்தேம்பாரு. கிளாஸே சிரிக்கும். இது எத்தன தடவ கேட்டாலும் திட்டாதுப்பா."

சொல்லிவிட்டு அவரைப் பார்க்காமல் மணலைப் பார்க்கிறாள். நண்டின் காலைப் பிடித்த அவர் கை அப்படியே நிற்கிறது. தன்னிடம் அவள் கடைசியாக எதைக் கேட்டாள் என்று யோசிக்கிறார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டாயா என்று மெதுவாகக் கேட்கத்தான் வாயைத் திறக்கிறார்.

"வெறும் வயித்தோட உக்காந்து என்னத்தப் படிச்சுக் கிழிக்கப்போற?" என்றுதான் வருகிறது.

லிண்டா போனின் சத்தத்தைக் குறைத்து, அதைக் காதோடு சேர்த்து வைத்துக்கொள்கிறாள்.