போயிட்டு வரேன்

வீட்டுக்குப் பேச்சுத்துணைக் கருவி வாங்கும்போது, எந்தத் தத்துவவாதியின் நெறிப்படி அது நடக்க வேண்டும் என்று கடையில் கேட்பார்கள். எதிர் ஃபிளாட்டில் பெந்தாமை வாங்கியிருந்தார்கள். எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, உப்பில்லாத சாம்பாரையும் அது புகழும். தத்துவப் பேராசிரியர் தணிகைவேல் யோசிக்கவே இல்லை. காண்ட்தான். உயிரே போனாலும் பொய் சொல்லாது.

மனைவி பூங்கோதையின் ஸ்கேன் முடிவு வந்த அன்று, "அவகிட்ட சொல்லிடாதே" என்று அதனிடம் கெஞ்சினார்.

"அவங்க கேக்காத வரைக்கும் சொல்ல மாட்டேன் சார். கேட்டா மறைக்க மாட்டேன்" என்றது.

பெந்தாமுக்கு மாற்றிவிடலாம்தான். இத்தனை வருஷம் வகுப்பில் பேசியதை நினைத்தால் கூசியது. அவள் கேட்டுவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில், வேலைக்குப் போகும்போதெல்லாம் சொல்வதுபோலவே, செருப்பை மாட்டிக்கொண்டே பூங்கோதை உள்ளே பார்த்துச் சொன்னாள்: "போயிட்டு வரேன்ப்பா."

தினமும் "போயிட்டு வாங்கம்மா" என்று சொல்லும் குரல் இன்று தயங்கியது.

"போங்கம்மா" என்றது. அதோடு நிறுத்திக்கொண்டது.

பூங்கோதை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவரின் முகத்தைப் பார்த்தாள்.

"மெஷினுக்கு என்ன தெரியும்?" என்றார் தணிகைவேல். "பத்து நாள்ல திரும்பி வந்துடலாம், வா."

அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"முப்பது வருஷமா அந்தக் காண்ட்டையே கட்டிக்கிட்டு அழுதீங்க" என்றாள். "இப்போ ஒரு பொய்கூட உங்களுக்கு ஒழுங்கா வரலை."