காற்றில் கலந்த உறக்கம்

காற்றில் மின்னூட்டத் துகள்களைப் பரப்பி உறக்கம் வரவழைக்குமாம் அந்தக் கருவி. ஆய்வுக்கூடத்தார் சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மெய்யான கருவியையும் மீதிப் பேருக்கு வெறும் கூட்டையும் கொடுத்திருந்தனர். எவருக்கு எது என்பது இன்று தெரிந்துவிடும்.

மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆறு மாதமாகக் கண்மூடாத கணவர், கருவி வந்த மூன்று வாரமாக அடித்துப் போட்டாற்போல் உறங்குகிறார். வெறும் கூடு என்று தெரிந்தால் அந்த உறக்கமும் போய்விடுமே!

தொலைபேசி ஒலித்தது. ஓடிச்சென்று எடுத்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்தது வெறும் கூடுதாம்மா," என்றார் ஆய்வாளர்.

அவள் முகத்தைச் சரிசெய்துகொண்டு கணவரிடம் வந்தாள். "நிஜ மெஷின்தானாம்ங்க. நாமளே வச்சுக்கலாமாம்."

கணவர் சிரித்தார். "பொய் சொன்னா உனக்குக் காது சிவந்துடும். வந்த அன்னிக்கே கழட்டிப் பார்த்துட்டேன், உள்ளே துகளைப் பரப்புற ஊசிக்கு வயரே போகலை. இருபது வருஷமா வயரிங் பண்றவன்கிட்டயே காலி டப்பாவைக் கொடுத்திருக்காங்க."

"அப்புறம் எப்படித் தூங்கினீங்க?"

"எங்கே தூங்கினேன்? நான் புரண்டா நீயும் எழுந்து உட்கார்ந்துடுறே. நீயாவது தூங்கட்டுமேன்னு கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் அமர்ந்துவிட்டாள். அந்த மூன்று வாரமும், அவருடைய சீரான மூச்சை எண்ணியபடி, அவளும் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தாள்.