தட்டில் ஒரு ஆட்டு இதயம்

அவள் எவர்சில்வர் தட்டை மேசையில் வைத்தாள். தட்டில் ஆட்டு இதயம்.

பிள்ளைகள் பின்னால் நகர்ந்தார்கள்.

கடைசி வரிசையில் தேவஇரக்கம் அண்ணாச்சி மட்டும் நகரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பிரசங்கம் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சபையின் மூப்பர். மாணவி கெசியாவின் அப்பா.

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற விசுவாசக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, வியாழன்தோறும் சபை ஹாலில் அவள் உயிரியல் எடுக்கிறாள். இதயத்தைப் படைத்தவரைத் துதிப்பதும் இதயத்தைத் திறந்து காட்டுவதும் அவளுக்கு ஒரே காரியம்.

அண்ணாச்சிக்கு அப்படி இல்லை. போன வாரம் போனில் சொல்லிவிட்டார்.

“சிஸ்டர், கேள்வி கேக்கப் பழக்கிட்டா பிள்ளை எல்லாத்தையும் கேக்கும். ஒரு நாள் வந்து பாக்கேன். பாத்துட்டுச் சொல்லுதேன்.”

அவர் வேண்டாம் என்றால் கெசியா நின்றுவிடுவாள். பின்னாலேயே மற்றவர்களும். மூப்பர் வீட்டுப் பெண் வராத வகுப்புக்கு யார் அனுப்புவார்கள்?

அவளுக்கு இந்த வகுப்பு வேண்டும். உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைவிட அவளுக்குத்தான் வேண்டும். மகனை வீட்டில் வைத்துப் படிப்பிக்கக் கல்லூரி வேலையை விட்டவள். வாரம் முழுக்க தோசைக் கரண்டி பிடிக்கிற கை, வியாழக்கிழமை மட்டும் விலங்கியல் படித்த கையாக இருக்கிறது.

கெசியாவும் வேண்டும். ஒரு இலையை வரையச் சொன்னால் நரம்பு விடாமல் வரைகிற பெண். இந்த வகுப்பில் இதுவரை வாய் திறந்ததில்லை. அப்பா எதிரில் என்றால் கேட்கவே வேண்டாம்.

கெசியாவின் அக்கா பெயர் ஜெமிமா. வேதத்தில் வருகிற மூன்று சகோதரிகளின் பெயரை அண்ணாச்சி வரிசை மாறாமல் எடுத்தவர். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்திருந்தால் அதற்குக் கேரேனாப்புக் என்று பெயர் வைத்திருப்பார். கர்த்தர் அந்தக் குழந்தையைக் காப்பாற்றினார்.

வகுப்பு ஜெபத்தோடுதான் தொடங்கும். ஆளுக்கு ஒரு வாரம் முறை. இன்று ஒபேத்தின் முறை.

ஒபேத் அவளுடைய மகன். பொறுப்பாகத்தான் எழுந்தான். பொறுப்பாகத்தான் கண்ணை மூடினான்.

மூடுவதற்கு முன்னால் தட்டைப் பார்த்துவிட்டான். அங்கேதான் வினை.

பிறந்ததிலிருந்து தட்டைப் பார்த்ததும் என்ன ஜெபம் வருமோ, அதுவே வந்தது.

“ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். இதைச் சமைச்ச கைகளை ஆசீர்வதியும். இல்லாதவங்களுக்கும் கொடும்.”

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அண்ணாச்சியின் ஆமென்தான் ஹாலை அதிர வைத்தது.

பிறகு கண்ணைத் திறந்தார்கள்.

தட்டில் இதயம். பச்சையாக.

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அடக்கப் பார்த்தவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டார்கள். ஒபேத் காது வரைக்கும் சிவந்து போனான்.

அவளுக்கு மானம் போயிற்று. பெற்ற பிள்ளையே காலை வாரிவிட்டான். போதாததற்குச் சிரிப்பும் வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையைப் பார்த்தாள்.

அண்ணாச்சி மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு நன்மை நடந்தது. பின்னால் போன பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வந்து மேசையை மொய்த்தார்கள்.

கெசியாவும்தான்.

ஒபேத்தின் அம்மா இதயத்தை நிமிர்த்திப் பிடித்தாள். மேலே தடித்த குழாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது. குழம்புக்கு நறுக்குகிற மாதிரி நறுக்கிவிடாமல் அதைக் கறிக்கடையிலிருந்து முழுசாக வாங்கி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அடி நுனியை மட்டும் அவளே வெட்டி ஓட்டை போட்டிருந்தாள்.

மேலே தண்ணீர் ஊற்றினால் கீழே கொட்டத்தான் வேண்டும்.

ஊற்ற யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மெலிந்த கை டம்ளரை எடுத்தது.

கெசியாவின் கை.

கடைசி வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது.

கெசியா ஊற்றினாள். குழாய் நிறைந்தது. தண்ணீர் விளிம்பு வரை வந்து அப்படியே நின்றது.

கெசியா குனிந்து அடி ஓட்டையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். தட்டு காய்ந்து கிடந்தது.

“ஏன் கீழ வரல?”

சின்னக் குரல்தான். ஆனால் கேள்வி. அதுவும் அப்பா இருக்கிற ஹாலில்.

அவள் இத்தனை வியாழக்கிழமை காத்திருந்தது இதற்குத்தான்.

அண்ணாச்சி எழுந்து வந்துகொண்டிருந்தார்.

பிள்ளைகள் வழிவிட்டார்கள். கெசியா டம்ளரை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வகுப்பு போச்சு, என்று நினைத்தாள் அவள்.

அவர் குழாயைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். மறுபடியும் குழாயைப் பார்த்தார்.

“வடிஞ்சிரும்” என்றார்.

காத்திருந்தார்கள்.

வடியவில்லை.

இன்னும் காத்திருந்தார்கள். இதயத்தைப் பிடித்திருந்த அவள் கை கடுத்தது. உள்ளே வால்வு மூடிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கிறது என்று அவள் சொல்லிவிடவில்லை; அவர்களே பார்க்கட்டும்.

அண்ணாச்சி அந்தத் தண்ணீரைத் தட்டில் கவிழ்க்கச் சொன்னார். சட்டைக் கையை மடித்துவிட்டார். டம்ளரை எடுத்தார்.

எத்தனையோ பேருக்கு ஞானஸ்நானத் தொட்டியில் துணை நின்ற கை. இப்போது ஆடியது. தண்ணீர் குழாய்க்கு வெளியே தெறித்தது.

“மெதுவாப்பா” என்றாள் கெசியா. “கைய ஆட்டாதீங்க.”



மூப்பரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் நிச்சயமாக இல்லை. கெசியாவே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் மகளைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

பிறகு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழாய்க்கு நேராகக் கொண்டுவந்தார்.

“ஏட்டி, இப்பம் சரியா?” என்று கேட்டார்.