ஜெனரேட்டர் மலையேறிய நாள்

டவுன் கல்யாண மண்டபக்காரர், தன் டீசல் ஜெனரேட்டர் விடும் புகைக்கு ஈடாக, மலை ஓடையில் ஒரு குட்டி டர்பைன் வைத்துப் பத்து வீட்டுக்கு விளக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்து அந்த டர்பைனுக்குப் பாராட்டு விழா. சீரியல் லைட்டுக்கும் மைக்செட்டுக்கும் அதன் கரண்ட் பத்தாதென்று அந்த ஜெனரேட்டரையே லாரியில் ஏற்றி வந்தார்கள்.

"என் புகைக்கெல்லாம் நீ ஈடுகட்டுறியாமே, எப்படி?" என்று கேட்டது ஜெனரேட்டர்.

"தெரியலண்ணே. நான் பாட்டுக்குச் சுத்துறேன். அதனால நீங்க கொஞ்சம் கம்மியா ஓடுறீங்களா?"

"முன்னெல்லாம் பந்தி முடிஞ்சதும் நிறுத்திடுவாங்க. இப்ப நீ இருக்கிற தைரியத்துல நாள் முழுக்க ஓட்டுறாங்க."

டர்பைன் யோசித்தது. "அப்ப இன்னைக்கு விடுற புகைக்கு?"

"அடுத்த மலையிலயும் ஓடை இருக்காம். அங்கேயும் ஒண்ணு வைக்கப்போறாங்க," என்றது ஜெனரேட்டர். "திறப்பு விழாவுக்கும் என்னைத்தான் சொல்லியிருக்காங்க."