எண்பது நல்ல காதுகள்

மூன்றாவது மெஷினும் பொய் சொல்கிறது என்றுதான் சுப்ரியா நினைத்தாள்.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. அதன் முதலுதவி அறையில், காது சோதிக்கும் மெஷினோடு ஒன்றரை மாதமாக உட்கார்ந்திருக்கிறாள். தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் ஷாப்பின் சத்தம், அங்கே நிற்பவர்களின் காது நரம்பை எவ்வளவு தேய்க்கிறது என்பதுதான் அவளுடைய பிஎச்.டி. ஆராய்ச்சி.

இவ்வளவு சத்தத்தில் இத்தனை வருடம் நின்றால் இவ்வளவு காது போகும் என்று சொல்லும் ஒரு சமன்பாட்டை மூன்று வருடம் பாடுபட்டு உருவாக்கியிருந்தாள். கணிதத் துறையில் இரண்டு பேர் பார்த்துவிட்டு, தப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

தப்பெல்லாம் காதில்தான் இருந்தது. இதுவரை சோதித்த முப்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் துளிக் குறையில்லை. இருபது வருடம் பிரஸ் பக்கத்தில் நின்றவருக்கும் பச்சைக் குழந்தையின் காது.

சோதனையிலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்ற இடங்களில் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள், போனை நோண்டுவார்கள். இங்கே ஒவ்வொருவரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் அவள் முகத்தையே பார்த்தபடி, பள்ளிப் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார்கள். சத்தம் கேட்டதும் டக்கென்று விரலைத் தூக்கினார்கள்.

அவளுடைய கைடு சென்னகிருஷ்ணன் போனில் எரிந்து விழுந்தார். ஒன்று மெஷின் தப்பு, இல்லையென்றால் உன் சமன்பாடு தப்பு, வெள்ளிக்கிழமைக்குள் எது என்று சொல் என்றார். கூடவே படித்த சரிதா, ஒகேனக்கல்லுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளைப் பற்றி எழுதிய ஆய்வைப் போன மாதமே கொடுத்துவிட்டாள். அதையும் ஒருமுறை சொல்லிக்காட்டினார்.

சந்தோஷப்பட்ட ஒரே ஆள் மேனேஜர் ஹரீஷ்குமார்தான். பிரஸ்களைச் சுற்றிச் சத்தத்தை அடக்கும் கூண்டு போடுவதாக ஒரு திட்டம் இருந்ததாம். இவ்வளவு நல்ல ரிசல்ட் வந்த பிறகு அது எதற்கு, உங்கள் ரிப்போர்ட்டையே மேலே அனுப்பிவிடுகிறேன் என்றார். சுப்ரியா அன்று மதியம் எல்லாத் தாள்களையும் திரும்ப ஒருமுறை புரட்டிப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை, மூன்றாவது மெஷினைத் திரும்பவும் அளந்து பார்த்தாள். முள் முனையளவும் பிசகவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. கடைசி ஆளை வரச் சொன்னாள்.

நாற்பதாவது ஆள் ரத்தினவேல். மத்தூர்க்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. பதினெட்டு வருடமாக இருப்பதிலேயே பெரிய பிரஸ்ஸில் நிற்பவர். சமன்பாட்டின்படி அவருக்குப் பாதிக் காது போயிருக்க வேண்டும்.

பொத்தான்கள் தெரியாதபடி வைத்திருந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் சுப்ரியா ஒவ்வொன்றாக அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம், வழக்கம்போல், அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனாள். நல்ல காதுக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தும் அவர் விரல் எழுந்தது. இருபது நிமிடம் கழித்துத் தாளில் வந்து நின்றது, நாற்பதிலேயே மிக நல்ல காது.

வெறுத்துப்போய் மெஷினைத் தன் பக்கம் இழுத்தாள். ஹெட்போன் வயர் மேஜைக்கடியில் தனியாகத் தொங்கியது. காலையில் அளந்து பார்க்கக் கழற்றியவள், திரும்பச் சொருகவே இல்லை.

இருபது நிமிடமாக அந்த ஹெட்போனில் ஒரு சத்தமும் போகவில்லை.

"அண்ணா, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?" என்றாள், குனிந்து வயரைப் பார்த்தபடியே. பதில் இல்லை. நிமிர்ந்து, ஹெட்போனைக் கழற்றச் சொல்லி ஜாடை காட்டிவிட்டு, திரும்பவும் கேட்டாள்.

ரத்தினவேல் வயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

ஹெட்போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசினார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் வந்து இதேபோல் சோதித்தாராம். ஏழு பேருக்குக் காது மந்தம் என்று பேர் போட்டு எழுதிக் கொடுத்தாராம். அடுத்த மாதம் அந்த ஏழு பேருக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. அதில் ஒருவர் அவருடைய சகலை ஆஞ்சப்பன். இன்னும் சரியான வேலை கிடைக்காமல் அலைகிறாராம். அதனால், ஒருவர் காதையும் மந்தமென்று எழுத விடக்கூடாது என்று நீங்கள் வந்த அன்றே நாற்பது பேரும் கூடிப் பேசிவிட்டோம் என்றார்.

முதலில் சுப்ரியாவுக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருட உழைப்பை இவர்கள் விளையாட்டாக்கிவிட்டார்களே என்று குமுறினாள். பிறகு ஹரீஷ்குமாரின் சிரித்த முகம் ஞாபகம் வந்தது.

நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். தன் ஆய்வில் யார் பேரும் வராது, வெறும் எண்கள்தான், பேர் போட்ட ஒரு தாள்கூட மேனேஜர் கைக்குப் போகாது என்று நிதானமாகச் சொன்னாள். இந்த நல்ல காதுகளை அப்படியே எழுதினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னாள். கூண்டு வராது. அடுத்து வேலைக்கு வருபவனுக்கும் இதே கதிதான்.

அவர் எழுந்து கதவு வரைக்கும் போனார். வெளியே பிரஸ் விழும் அதிர்வில் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. கதவில் கையை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தானே ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"வயரைச் சொருகுங்க மேடம். இந்தத் தடவ கண்ண மூடிக்கறேன்."