லேபிள் உறுத்தும்

“எனக்கு முப்பத்தி நாலு. கல்யாணத்துலேர்ந்து அதேதான். அளவெல்லாம் எடுக்க வேணாம்” என்று கடைக்குள் வந்ததுமே கறாராகச் சொல்லிவிட்டார் டீச்சர்.

நாள் முழுக்க போர்டில் எழுதி எழுதி, தோளும் கழுத்தும் விண்விண் என்று தெறிக்கிறதாம். மாத்திரை கேட்கப் போனால், ‘முதல்ல நல்ல பிராவா வாங்கிப் போடுங்க’ என்று டாக்டரம்மா திருப்பி அனுப்பிவிட்டாராம்.

“அதெதுக்குங்க அளவு? பார்த்தாலே தெரியுதே, முப்பத்தி நாலுதான்” என்றாள் அக்கா.

அக்கா என்றால் கடையின் உள்ளாடைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். அங்கே பதினெட்டு வருட சர்வீஸ். கழுத்தில் எந்நேரமும் டேப் தொங்கும். ஆனால் அதை எடுத்து அவள் யாரையும் அளந்ததாகச் சரித்திரமில்லை. கண்ணாலேயே அளந்துவிடுவாள்.

பக்கத்தில் நின்றிருந்தாள் ‘புதுசு’. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய் என்றாலும் கடையில் எல்லோருக்கும் அவள் புதுசுதான்.

அக்கா கவுண்டருக்கு அடியில் குனிந்து செய்ததைப் புதுசு பார்த்துவிட்டாள்.

அக்கா முப்பத்தி எட்டாம் நம்பர் பெட்டியைத் திறந்து ஒரு பிராவை எடுத்தாள். உள்பக்கம் தைத்திருந்த சைஸ் லேபிளைக் குட்டிக் கத்தரியால் நறுக்கினாள். லேபிள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போனது. பிரா, முப்பத்தி நாலாம் நம்பர் பெட்டிக்குள் போனது.

“இந்தாங்க, போட்டுப் பாருங்க. லேபிள் முதுகுல உறுத்தும்னு எடுத்துட்டேன்.”

இரண்டே நிமிடம். டிரயல் ரூமுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டது.

“அம்மாடி! இப்பதான் மூச்சே வருது. நான் சொன்னேன்ல, முப்பத்தி நாலுதான் எனக்கு! போன வாரம் வேற ஒரு கடையில ஒருத்தி முப்பத்தி எட்டுங்கறா. அவ கண்ணை எங்க வெச்சிருந்தாளோ!”

“அதானே!” என்று அக்காவும் சேர்ந்துகொண்டாள்.

மூன்றாக வாங்கிக்கொண்டு முகமெல்லாம் பல்லாகப் போனார் டீச்சர்.

“அக்கா, அது முப்பத்தி எட்டு” என்றாள் புதுசு.

“தெரியும்.”

“அப்ப ஏமாத்துறோமா?”

“அங்க ஒருத்தங்க காத்திருக்காங்க பாரு. போய் என்ன வேணும்னு கேளு.”

அன்று மட்டும் அப்படி ஐந்து பேர். புதுசுக்கு மனசே ஆறவில்லை. வீட்டில் பிள்ளை ஒரு பென்சிலுக்குப் பொய் சொன்னாலே உண்டு இல்லை என்று ஆக்குகிறவள் அவள்.

மறுநாள் காலை, பிஸ்கட் டப்பாவும் கையுமாக முதலாளியம்மாவின் அறைக்குள் நுழைந்தாள். டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். வெள்ளை வெள்ளையாக லேபிள்கள் குவிந்தன.

முதலாளியம்மா அக்காவை வரச்சொன்னார்.

“என்ன இது? நம்பரை மாத்தித் தர்றியாமே! நாளைக்கு ஒரு கஸ்டமர் கண்டுபிடிச்சா கடையோட பேரு என்ன ஆகும்? உன்னை வெச்சிருக்கறதா வேணாமான்னே யோசிக்கணும் போலிருக்கே?”

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. குரல் மட்டும் எப்போதும்போல் நிதானமாக வந்தது.

“வந்த புதுசுல நானும் உள்ளதைத்தான் சொன்னேன் மேடம். ‘நீங்க முப்பத்தி எட்டு’ன்னா, ‘நான் என்ன அவ்ளோ குண்டா?’ன்னு சண்டைக்கு வருவாங்க. வீம்புக்குச் சின்னதையே வாங்கிட்டுப் போவாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தா தோள்ல பட்டை அழுத்தி அழுத்திக் கன்னிப்போயிருக்கும். அப்பவும் சின்னதையேதான் கேப்பாங்க. வலியைத் தாங்கிக்கறாங்க மேடம், நம்பரைத் தாங்க மாட்டேங்கறாங்க.”

“அதுக்காகப் பொய் சொல்லலாமா?” என்று குறுக்கே பாய்ந்தாள் புதுசு. “எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா? என்கிட்ட இந்த வேலையெல்லாம் நடக்குமா மேடம்? என் உடம்பு எனக்குத் தெரியாதா? காலேஜ்ல படிக்கிறப்ப முப்பத்தி ரெண்டு. ரெண்டு பெத்த பிறகும் அதே முப்பத்தி ரெண்டு!”

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி, அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்பப் போட்டிருக்கிறது எங்க வாங்கினது?”

“நம்ம கடைதான் மேடம். சேர்ந்த அன்னிக்கு, ‘நாள் பூரா நிக்கணும், இதைப் போட்டுக்கோ’ன்னு அக்காதான் குடுத்தாங்க. அது நெஜமாவே நல்லா இருக்கு. முன்னாடியெல்லாம் சாயங்காலம் ஆனா தோள்பட்டை பிச்சுக்கும். இந்த மூணு வாரமா வலியே…”

பேச்சு பாதியில் நின்றது.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுசின் வலது கை மெதுவாக முதுகுக்குப் போனது. கொக்கி பக்கத்தில், துணிக்கு மேலாகவே தடவித் தடவிப் பார்த்தாள். அங்கே உறுத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

மேஜைமேல் குவிந்துகிடந்த லேபிள்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒன்றுவிடாமல் அள்ளி டப்பாவில் போட்டு மூடினாள்.

“அக்கா…” என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில். “இது என்ன சைஸு?”

“உன் சைஸுதான்” என்றாள் அக்கா.